உன் தலைக்குப் பத்தாத ஹெல்மெட்

சிங்காநல்லூர்
1997, மாசி

என் அண்ணாவுக்கு,

நாலு பேர் முன்னால் உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் "நீ". இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் "நீ" என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை வராது. அது உனக்குத் தெரியாததா?

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஃபோன் வைத்துவிட்டார்கள், நமக்கு வரும் அழைப்புக்கும் அவர்கள்தான் சுவருக்கு மேலிருந்து குரல் கொடுக்கிறார்கள். நான் இப்போது உன் பம்பு கம்பெனியில் டைப்பிஸ்ட். உனக்குக் காரியம் முடிந்து இரண்டாம் மாசம் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. "அண்ணன் போனாலும் கம்பெனி கைவிடல பாத்தியா" என்று ஒரம்பரை சொந்தங்களில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன தை மாசம் வரைக்கும்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் மேனேஜர் வாசலில் நின்று என்ன சொன்னார் தெரியுமா? நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியிலயே தொங்கிட்டு இருந்துச்சுங்க. அது தலையில இருந்திருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரு. நாங்க குடுக்கத்தான் முடியும், மாட்டி உட முடியுங்களா?" சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். யாரோ "தலையெழுத்து" என்றார்கள். அன்று தொடங்கி அந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது?

அவிநாசிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் பதினாறாம் நாள் வந்திருந்தார். நீ கடைசியாக மோட்டார் பார்த்துக் கொடுத்தது அவர் கிணற்றில்தான். மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் விழுந்ததும் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினாயாம். பட்டப்பகல் மூன்று மணி. முந்தின நாள் ஐப்பசி மழை பெய்து இட்டேரி முழுக்கச் சேறு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். அவர் சைக்கிளில் பின்னாலேயே வந்திருக்கிறார். வாய்க்காலுக்கு மேல் போட்ட பலகைக்கல் அருகே உன் வண்டியின் பின்சக்கரம் வழுக்கியது. நீ சாய்ந்தாய், அந்தக் கல்லில் பின்மண்டையோடு பொடனி அடித்தது. "நடந்து போற வேகம்தானுங்க. என்ற சைக்கிளே ஒட்டி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நடந்துபோகிற வேகம். அதில் ஒரு மனுஷன் சாவானா என்று நான் பல நாள் யோசித்தேன். அப்போது உன் மேல்தான் எனக்குக் கோபம். தார் ரோடு முழுக்கப் போட்டுக்கொண்டு போன ஹெல்மெட்டை இட்டேரி முக்கில் திரும்பியதும் ஏன் கழற்றினாய்? தினமும் அப்படித்தான் செய்வாயாம். உன்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தானாம். ஏன் என்று நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

போன தை மாசம், பொங்கல் கழிந்து வேலை தொடங்கிய வாரம், மேனேஜர் ஒரு லோடு ஆட்டோவில் ஹெல்மெட்டுகளைக் கொண்டுவந்து ஷெட்டில் இறக்கினார். பழையதெல்லாம் நைந்துவிட்டதாம். சர்வீஸ் ஆட்கள் பதினொரு பேருக்கு, கன்னமும் தாடையும் மூடுகிற மாதிரி, கறுப்பு நிறத்தில் பதினொன்று. எல்லாம் ஒரே அளவு. பிறகு என் மேஜைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார், பதினொரு பிரதி அடிக்கச் சொன்னார். அதில் இருந்தது இதுதான்: "எனக்குத் தகுந்த ஹெல்மெட்டைக் கம்பெனியிடமிருந்து பெற்றுக்கொண்டேன். அதை அணியாமல் சென்று நேரும் எந்த விபத்துக்கும் நானே முழுப் பொறுப்பு." கீழே கையெழுத்துக்கு இடம்.

நான் அடிக்கத் தொடங்கினேன் அண்ணா. பொய் சொல்ல மாட்டேன், முதல் பிரதியை முழுக்க அடித்தேன். இரண்டாவதில் "எனக்குத் தகுந்த" வரைக்கும் வந்தபோது ஷெட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரங்கசாமி அண்ணன், உங்கள் கூட்டத்திலேயே மூத்தவர், ஹெல்மெட்டைத் தலையில் அழுத்திக்கொண்டிருக்கிறார். காதுக்கு மேலேயே அது நின்றுவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து கீழே தள்ளினார்கள். உள்ளே போனதும் கன்னம் இரண்டும் பிதுங்கி, கண் சுருங்கிவிட்டது. இந்தப் பக்கம் குமார் தலையை ஆட்டுகிறான், தலை ஒரு பக்கமும் ஹெல்மெட் ஒரு பக்கமும் திரும்புகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். ரங்கசாமி அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் கழற்றினார். கழற்றியதும் அவர் நெற்றியில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு.

எனக்குக் கை ஓடவில்லை. அந்தக் கோட்டை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் நீ வந்து முகம் கழுவும்போது புருவத்துக்கு மேல் அதே இடத்தில் இருக்கும். "ஏண்ணா, அடிபட்டுதா?" என்று ஒரு தடவை கேட்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு, வெயிலு" என்றாய். நான் தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவினேன். அதற்குப் பிறகு நீ கேட்காமலேயே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தேனே தவிர, வெயில் எப்படி ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு போடும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. உன் கூடப்பிறந்தவள் நான். எனக்கே தோன்றவில்லை.

ரிப்பன் காய்ந்துவிட்டது என்று மேனேஜரிடம் பொய் சொல்லிவிட்டு டைப்ரைட்டரை மூடினேன். மறுநாள் தையல் டேப்பை எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போனேன். புருவத்துக்கு மேலே வைத்து, பின்மண்டையின் மேடான இடத்தைச் சுற்றிப் பதினொரு பேர் தலையையும் அளந்தேன். கூச்சப்பட்டார்கள். "கல்யாணத்துக்குத் தலப்பா தைக்கறயாம்மா?" என்று கேலி பேசினார்கள். ஐம்பத்து நாலு சென்டிமீட்டரிலிருந்து அறுபத்தொன்று வரை இருந்தது. வந்து இறங்கியது ஐம்பத்தெட்டு. மூன்று பேருக்குத்தான் அது சேரும். மற்ற எட்டுப் பேரும் எதற்குத் "தகுந்த" என்று கையெழுத்துப் போட வேண்டும்?

வீட்டுக்கு வந்து உன் ஹெல்மெட்டை எடுத்தேன். பரணில் துணி சுற்றி வைத்திருந்தோம். உள்ளே பஞ்சுக்குள் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. உன் தலை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இனிமேல் அளக்கவா முடியும்?

குளத்துக்குப் போகிற ரோட்டில் டேவிட் என்று ஒருவர் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார், உனக்குத் தெரியும். மண் பந்தயங்களில் வண்டி ஓட்டிக் கீழே விழுந்து மூக்கு கோணிப்போனவர். ஹெல்மெட்டும் விற்கிறார். பட்டறைக்குள் பெண்பிள்ளை நுழைந்ததும் வேலை செய்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் ஹெல்மெட்டை அவர் முன்னால் வைத்து, இது ஏன் நெற்றியில் கோடு போடுகிறது என்று கேட்டேன்.

அவர் ஒரு மணி நேரம் பேசினார். கோபமாகத்தான் பேசினார், யார் மேல் என்று தெரியவில்லை. ஹெல்மெட் வாங்க வருகிறவர்கள் நிறம் கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள், தலையைக் காட்டுகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்றார். புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்தலாம், அந்தப் பஞ்சு நாளடைவில் இளகும். நெற்றியையோ நெற்றிப்பொட்டையோ ஓர் இடத்தில் குத்தினால் அது ஒருநாளும் இளகாது, உள்ளே இருப்பது கெட்டித் தெர்மோகோல். அதைச் சுரண்டினால் அடிபடும்போது தாங்காது. போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், கழற்றிக் கண்ணாடியில் நெற்றியைப் பார்க்க வேண்டும். நாடாவை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து மேலே தள்ளினால் கழன்று வரக்கூடாது. அளவு சரியாக இருந்தாலும் போதாதாம். சிலர் தலை உருண்டை, சிலர் தலை முன்னும் பின்னும் நீளம். நீளத் தலைக்காரனுக்கு உருண்டை ஹெல்மெட் போட்டால் எத்தனை பெரிசு வாங்கினாலும் நெற்றியில் இடிக்கும்.

பிறகு, நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். "தார் ரோட்டுல அம்பதுல போறப்ப காத்து உள்ள வருங்க, வலி தெரியாது. இட்டேரிக்குள்ள எறங்குனா பத்துலதான் போவீங்க. காத்து நின்னு போயிரும், உள்ள வேர்த்து ஊத்தும், கண்ணாடில மூச்சுப் படிஞ்சு வழி தெரியாது. ஒவ்வொரு குழிக்கும் ஹெல்மெட் ஆடி நெத்தில இடிக்கும். அங்கதான் எந்த மனுசனும் கழட்டுவான். அதனால ரோட்டுக்குச் சேர்ற ஹெல்மெட்ட வாங்கக் கூடாதுங்க. இட்டேரில கழட்டத் தோணாத ஹெல்மெட்ட வாங்கோணும்."

இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்றேன். அப்போதுதான் அவர் உன் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் உன் பெயரை வெள்ளைப் பெயிண்டில் நீ எழுதியிருந்தாய்.

"நீங்க பழனிச்சாமியண்ணன் தங்கச்சிங்களா?" என்றார். "சொன்னேங்க. அவர்கிட்டயே சொன்னேன். இங்கதான் உக்காந்திருந்தாரு. பஞ்சக் கொஞ்சம் செதுக்கிக் குடுங்கன்னு வந்தாரு, மாட்டேன்னுட்டேன். நானே டேப்ப வச்சு அளந்தேன், அறுபத்தொண்ணு. கம்பெனிக்கு எழுதிக் குடுங்க, மாத்தித் தருவாங்கன்னேன். இங்கயே பேப்பர் வாங்கி எழுதிட்டுப் போனாருங்களே."

அண்ணா, நீ எழுதிக் கொடுத்தாயா? எங்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

மறுநாள் காலையில் மேனேஜர் வருவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்தேன். அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு வருஷமாக உன் ஃபைல் என் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்தது, தொடத்தான் பயந்தேன். திறந்ததும் மேலே இருந்தது விபத்து அறிக்கை. கடைசி வரி: "விபத்துக்குக் காரணம், பணியாளர் ஹெல்மெட் அணியாத கவனக்குறைவு." அதற்குக் கீழே உன் கையெழுத்தில் உன் கடிதம்.

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. எனக்குக் கொடுத்த ஹெல்மெட் ஐம்பத்தெட்டு. என் தலை அளவு அறுபத்தொன்று. போட்டால் நெற்றியில் வலி அதிகமாக உள்ளது. மண் பாதையில் போட முடிவதில்லை. தயவுகூர்ந்து பெரிய அளவு மாற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்." ஆடி மாசத்துத் தேதி. நீ விழுந்தது ஐப்பசியில்.

ஓரத்தில் பென்சிலால் மேனேஜர் எழுதியிருந்தார்: "பழகினால் சரியாகிவிடும். ஃபைலில் வைக்கவும்."

நான் அந்த அலமாரிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுகை வரவில்லை. நம் வாசலில் நின்று "மாட்டி உட முடியுங்களா" என்று கேட்ட மனுஷனுக்கு இந்தக் கடிதம் மறந்துபோயிருக்குமா? மறக்கவில்லை என்றால் எப்படி அந்த வாயால் அதைச் சொன்னார்? மறந்துவிட்டார் என்றால் அது அதைவிடக் கேவலம் இல்லையா?

அவர் வந்ததும் உறுதித்தாள்கள் எங்கே என்று கேட்டார். அடிக்க மாட்டேன் என்றேன். உன் கடிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். முகம் மாறியது, குரல் மாறவில்லை.

"அம்மிணி, உன்ற ஊட்டு நெலமைய நெனச்சுத்தான் இந்த வேலையே போட்டுக் குடுத்திருக்குது. அத ஞாபகம் வச்சுக்கோ."

நான் ஞாபகம் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவுக்கு நான் ஒருத்திதான் என்பதும் ஞாபகம் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, கறுப்பு ஹெல்மெட் ஒன்றையும் கையில் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

முதலாளியை உனக்கு என்னைவிடத் தெரியும். ஒற்றை லேத்தில் தொடங்கி இவ்வளவு பெரிய பட்டறை ஆக்கியவர், இன்றைக்கும் ஷாஃப்டை விரலால் தடவிப் பார்த்தே குறை சொல்வார். நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, பொறுமையாகத்தான் கேட்டார். "மூணு சென்டிமீட்டர்தானம்மா. அதுல என்ன ஆயிரப் போவுது?"

"ஷாஃப்டுக்கு வர்ற பேரிங் ஒரு நூல் சின்னதா இருந்தாலும் மூட்டையோட திருப்பி அனுப்பறீங்களேங்க" என்றேன். "அத யாரும் பழகுனா செரியாப் போயிரும்னு சொல்றதில்லீங்களே. என்ற அண்ணன் தலைக்கு மட்டும் ஏனுங்க?"

அவர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஓரத்துப் பென்சில் எழுத்தை மேனேஜர் பக்கம் திருப்பிக் காட்டி, "இது உங்க எழுத்துதானுங்களே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கறுப்பு ஹெல்மெட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார் முதலாளி. உறுதித்தாளும் வேண்டாம் என்றார். நான் போகலாம் என்கிற மாதிரி கையைக் காட்டினார்.

நான் போகவில்லை. அறிக்கையில் இருக்கும் "கவனக்குறைவு" என்பதை எடுக்க வேண்டும் என்றேன். அது சர்க்கார் ஆபீசுக்குப் போய்விட்ட தாள், முடிந்துபோன விஷயம் என்றார். "உங்களுக்கு முடிஞ்சு போச்சுங்க. எங்கூட்டுல இன்னும் முடியலீங்க" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அப்படியே வெளியே வந்தேன்.

முதலாளி சொல்லியனுப்பி, டேவிட் அடுத்த வாரம் மூன்று அளவிலும் இரண்டு விதத்திலும் ஹெல்மெட்டுகளை மூட்டையில் கட்டிக் கொண்டுவந்தார். ஷெட்டில் பெஞ்சு போட்டுப் பதினொரு பேரையும் ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, இருபது நிமிஷம் எழுந்திருக்கக்கூடாது என்றுவிட்டார். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். ரங்கசாமி அண்ணனுக்கு அறுபத்தொன்றே போட்டும் கோடு விழுந்தது. டேவிட் ஸ்டூல் மேல் ஏறி அவர் தலையை மேலிருந்து பார்த்தார். நீளத் தலை. வேறொரு கம்பெனி ஹெல்மெட், முன்பின் நீளமானது, அதைப் போட்டுவிட்டார். ரங்கசாமி அண்ணன் இருபது நிமிஷம் முடிந்தும் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, போட்டிருப்பதே மறந்துவிட்டது என்றார்.

டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் தாடை மூடியதை எடுத்துக்கொண்டார்கள். தோட்டம் தோட்டமாகப் போகிறவர்களுக்கு முகம் திறந்தது, காதும் பொடனியும் நன்றாக மூடுவது, எடை குறைந்தது. அதன் முன்பக்கத்தில் தொப்பி நுனி மாதிரி ஒன்றைப் பட்டன் வைத்து மாட்டிக்கொள்ளலாம். வெயிலுக்கும் முள்ளுக்கும் ஆகும். அவிநாசி ரோட்டில் வேகமாகப் போகும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காற்று பிடித்துக் கழுத்தை இழுக்கும். புழுதிக்குத் தனிக் கண்ணாடி. தாடைக்குக் காப்பு கிடையாது, அது தெரிந்தே போடுங்கள் என்று டேவிட் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். கடைசியில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் குண்டும் குழியுமான தடத்தில் எல்லாரையும் ஒரு சுற்று ஓட்டவிட்டார். நான் நின்று பார்த்தேன். பதினொரு பேர் போனார்கள், பதினொரு பேரும் தலையில் போட்டபடியே திரும்பி வந்தார்கள். ஒரே ஒரு சாயங்காலத்து வேலை அண்ணா. இதைச் செய்ய ஒரு ஆள் சாக வேண்டுமா?

முதலாளி அறைக்குப் போய் வந்ததிலிருந்து ஒன்பது நாள், எந்த நேரமும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போய்வந்தேன். பத்தாம் நாள் முதலாளி கூப்பிட்டு, எழுதிக்கொள்ளச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "மேற்படி பணியாளர், தமக்கு வழங்கிய ஹெல்மெட் அளவில் சிறியது என்று எழுத்து மூலம் தெரிவித்து, மாற்றித் தரக் கேட்டிருந்தார். நிர்வாகம் மாற்றித் தரவில்லை." அவ்வளவுதான். மூன்று பிரதி அடித்தேன். "நிர்வாகம் மாற்றித் தரவில்லை" என்பதை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, தப்பு வந்துவிடக்கூடாது என்று, நிறுத்தி நிறுத்தி அடித்தேன். ஒன்று அறிக்கை போன இடத்துக்குப் போயிற்று, இதுவரை பதில் இல்லை. ஒன்று உன் ஃபைலில், அந்த அறிக்கைக்கு மேலே இருக்கிறது. ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். "அப்ப எம்பையன் கேட்டிருக்கானா?" என்றாள். ஆமாம் என்றேன். நாலு நாள் கழித்து மாமா வந்து உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக உன் தலையெழுத்தைப் பற்றித் தொடங்கினார். அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "தலையெழுத்தெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. ஹெல்மெட்டு சின்னது." மாமா காப்பியைக் குடித்தார்.

மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இருபது வருஷம் கூட இருந்தவர் என்று முதலாளி சொன்னாராம். என்னை இப்போது அவர் அம்மிணி என்று கூப்பிடுவதில்லை, தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். எனக்கு ஆறவில்லை அண்ணா. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

உன் மேலேயும் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் இது வேறு கோபம். அரைப் பக்கக் கடிதத்தில் இரண்டு இடத்தில் "தாழ்மையுடன்" என்று எழுதியிருக்கிறாய். உன் தலை வலித்ததற்கு நீயே மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அந்த ஹெல்மெட்டை அவர் மேஜை மேல் போட்டு, "இது எனக்குப் பத்தல, மாத்திக் குடுங்க" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லியிருந்தால் என்ன? வாய்க்கு வாய் "ங்க" போட்டுப் பேசுகிற ஊர் நம் ஊர், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பதில் சொல்லாமல் ஒதுக்கி வைக்கத் தோதாக ஒரு மனுஷன் தன் வலியை எழுதிக் கொடுக்கலாமா? கேட்டிருக்கிறாய், அதுவரைக்கும் சரி. கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை என்றால் அது உன் குற்றமா என்று நானே கேட்டுக்கொள்கிறேன், அதோடு இந்தக் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

பங்குனியில் சர்வீசுக்குப் புதிதாக இரண்டு பேர் சேரப்போகிறார்கள். ஒருவர் திருப்பூர்ப் பக்கம், இன்னொருவர் பொள்ளாச்சி. அவர்கள் தலையை நான்தான் அளப்பேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. வண்டிச் சாவி கைக்குப் போவதற்கு முன்னால் இருபது நிமிஷம் ஹெல்மெட்டோடு என் எதிரில் உட்காரவைப்பேன். கழற்றியதும் நெற்றியைப் பார்ப்பேன். கூச்சப்பட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே "கொஞ்சம் வலிக்குதுங்க" என்று அவர்கள் சொன்னாலும் எனக்குக் கேட்கும். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்வமணி